ஒன்றிலும் மூன்றிலும் முடிபவை

மன்னித்துக்கொள். பக்கத்தில் இருந்தபோதே அதிகம் பேசாதவள், இப்போது மடல் எழுதுகிறேன். நேற்று பழக்கத்தில் உன் கைபேசி எண்ணை அழுத்திவிட்டேன். இரண்டு ஆண்டுகளாக அணைந்திருந்த எண், மணி அடித்தது.

“சொல்லுங்க. தீவன லோடுங்களா?” ஓர் ஆண் குரல்.

“இல்லீங்க, தப்பா போட்டுட்டேனுங்க.”

“பரவால்லீங்க சாமி.” பின்னால் லாரி உறுமியது.

உன் எண்ணை யாரோ ஒரு லாரிக்காரருக்குக் கொடுத்துவிட்டார்கள். அதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்தப் பத்து இலக்கத்துக்குள் நம் கணக்கு பாதியில் நிற்பது அவருக்கு எப்படித் தெரியும்?

குமாரபாளையத்திலிருந்து கல்லூரிக்குப் பேருந்தில் போகும்போது நீதான் ஆரம்பித்தாய். “என்ற நெம்பரு பகா எண்ணான்னு பாத்துருலாமா புள்ள?” ஒன்பதில் முடிந்ததால் இரண்டும் ஐந்தும் இல்லை. இலக்கங்களைக் கூட்டினால் நாற்பத்தொன்பது, அதனால் மூன்றும் இல்லை. அது பகு எண் என்றால் ஒரு வகுத்தியாவது லட்சத்துக்குள் இருந்தாக வேண்டும். அதுவரையுள்ள ஒன்பதாயிரத்துச் சொச்சம் பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும் என்றேன். “போதுமா?” என்று நீ சிரித்த சிரிப்பில் நடத்துனர் திரும்பிப் பார்த்தார்.

பழைய கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்தில் வகுத்தோம். ஒன்றிலும் மூன்றிலும் முடியும் பகா எண்கள் உனக்கு, ஏழிலும் ஒன்பதிலும் முடிபவை எனக்கு. நான் ஐம்பத்தேழால் வகுத்துக்கொண்டிருந்தபோது எட்டிப் பார்த்தாய். “அம்பத்தேழு பகா எண்ணா? மூணும் பத்தொம்பதும் செத்தா போச்சு?”

கணினியில் போட்டால் ஒரு நொடியில் சொல்லிவிடும் என்றேன். “சொல்லிரும். அப்புறம் பஸ்ஸுல என்னத்தப் பண்றது?”

தறி ஓடும் சத்தத்தில் என் அம்மா உன்னிடம் கத்திக் கேட்டதும் நினைவிருக்கிறது. “அத வகுத்து என்ன சாமி பண்ணப் போறீங்க?”

“எதுக்கும் அடங்காத நெம்பரான்னு பாக்கறமுங்கம்மா.”

“அடங்காதுன்னா அது உன்றதுதான், போ.”

காய்ச்சல் என்று உன்னை ஈரோட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோன அன்று, வண்டியில் ஏறும் முன் சொன்னாய்: “வந்து பாத்துக்கறேன். என்ற பங்குல கை வெச்சுறாதே.” நீ வரவில்லை.

என் பங்கைப் போன வாரம்தான் முடித்தேன். அலுவலகத்தில், பேருந்தில், சோறு வேகும் நேரத்தில் வகுத்தேன். ஒவ்வொரு முறையும் மீதி வந்தது. எண்ணை வைத்திருப்பவர் மாறலாம். எண்ணின் வகுத்திகள் மாறுவதில்லை. அது பகா எண்ணா இல்லையா என்பது இப்போது உன் பாதியில்தான் இருக்கிறது. நீ எதுவரை வந்திருந்தாய் என்றுகூட எனக்குத் தெரியாது. வேறு எதிலும் மனம் நிற்கவில்லை. பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போதுகூடப் பதினொன்று, பதின்மூன்று, இருபத்துமூன்று என்று உன் எண்கள் வாயில் வருகின்றன, வந்ததும் விழுங்கிக்கொள்கிறேன்.

கணினியில் போட மாட்டேன். கேட்க வேண்டியது ஒன்றுதான்.

உன் பங்கில் நான் கை வைக்கட்டுமா?