ஜெர்கின் பையில் மூன்று கிலோ

பனி இறங்கிவிட்டது. இன்று காலை பீரோவின் அடித்தட்டிலிருந்து உன் ஜெர்கினை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். ஜிப் தொப்புளைத் தாண்டி ஏற மறுத்தது. மூன்று வருஷமாக ஒவ்வொரு மார்கழிக்கும் இந்தப் பரீட்சையில் தோற்றுக்கொண்டிருக்கிறேன். துவைக்க மனசு வராததால் கம்பெனி கட்டிங் ஆயில் வாசனையும் அப்படியே இருக்கிறது. கம்பெனியில் ஆர்டர் இல்லை, வாரத்துக்கு மூன்று நாள் லே-ஆஃப். சும்மா உட்கார்ந்திருப்பவனுக்கு உன் நினைப்பு வராமல் வேறு என்ன வரும்?

எனக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று கம்பெனி டாக்டர் சொன்ன நாளில் ஆரம்பித்தது எல்லாம். கோவில்பட்டியில் என் அப்பா சர்க்கரையில் ஒரு காலை இழந்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான். உண்மையிலேயே நடுங்கிப்போனேன். அன்று தொண்ணூற்றிரண்டு கிலோ இருந்தேன். கேன்டீனில் உன்னிடம் சொன்னபோது, "ஓடலாம் குரு, நானும் வரன்" என்றாய். எழுபத்து நாலு கிலோ இருந்த உனக்கு ஓட வேண்டிய தேவையே கிடையாது. எனக்குத் துணைக்கு வந்தாய், அவ்வளவுதான்.

காலை ஐந்தரைக்கு உன் மிஸ்டு கால் வரும். ஒரு ரிங் என்றால் கிளம்பிவிட்டாய். இரண்டு ரிங் என்றால் ராமநாயக்கன் ஏரிக்கரையில் குளிரில் நிற்கிறாய். மூன்றாவது அடித்தால் நேரில் திட்டு. முதல் சுற்றிலேயே எனக்கு நாக்கு தள்ளிவிடும். ஓடி முடித்ததும் பசி பிய்த்துத் தின்னும், நேராகத் தட்டு இட்லிக் கடைதான். "ஓடறது ரெண்டு சுத்து, துன்றது நாலு தட்டா?" என்று சிரிப்பாய். நீ ஒன்றையே பாதியில் வைத்துவிடுவாய். வயிறு எரிகிறது, ஷிஃப்டு சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்பாய். அந்த மீதியையும் நான்தான் சாப்பிட்டேன்.

சனிக்கிழமைதோறும் ஷிஃப்டுக்கு முன்னால் ஸ்டோருக்குப் போவோம். இரும்புச் சீவல் நிறுக்கும் எடை மிஷினில் ஏறி நின்று, கண்ட எடையை ஒரு நோட்டில் எழுதுவோம். நான் மெஷின் ஷாப், நீ இன்ஸ்பெக்‌ஷன். "கண்ணு பொய் சொல்லும் குரு, கேஜு சொல்லாது" என்பது உன் வேதவாக்கு. அப்படித்தான் கேஜ் வைத்து நாள் முழுக்கப் பற்சக்கரங்களை அளந்தாய். அளவு தப்பினவற்றுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்து ஒதுக்கினாய்.

மூன்று மாதத்தில் நீ எழுபத்தொன்றுக்கு இறங்கினாய். நான் தொண்ணூற்றிரண்டிலிருந்து தொண்ணூற்றொன்றரைக்கு வந்து, மறு வாரமே திரும்பிப் போனேன். கேன்டீனில் எல்லோரும் உன்னைச் சுற்றி நின்று, "எப்படிப்பா இளைச்ச?" என்று கேட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது. உன் வயிற்றெரிச்சல் நோயால், என்னுடையது பொறாமையால் என்று அப்போது யாருக்குத் தெரியும். அந்தச் சனிக்கிழமை ஸ்டோரிலேயே வெடித்துவிட்டேன்.

"உனக்கு எதுக்குப்பா இது? எனக்காகத்தானே ஓட வந்தே. நீ எறங்கிக்கிட்டே போற, நான் எருமை மாதிரி அப்படியே நிக்கேன். இனிமே நான் வரல."

ஒரு வாரம் உன் மிஸ்டு காலுக்கு அசையவில்லை. அடுத்த சனிக்கிழமை நீயே என் மெஷின் பக்கம் வந்தாய். புது ஜெர்கின் போட்டிருந்தாய். "வா குரு, எனக்கும் ஏறிப்போச்சு. ஊருக்குப் போய் நெய் ஊத்தி நாலு ஒப்பட்டு துன்னுட்டு வந்தேன்" என்றாய். ஏறிக் காட்டினாய். எழுபத்திரண்டு. எனக்கு வந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. மறுநாளே உன்னோடு ஓட வந்துவிட்டேன்.

அதன்பிறகு இரண்டு மாதம் நோட்டில் நீ எழுபத்தொன்று, எழுபத்திரண்டு என்றே நின்றாய். உன் கன்னம் ஒட்டியது. வாட்ச் முழங்கை வரை ஏறி இறங்கியது. ஒருநாள் கேட்கக்கூட வாயெடுத்தேன். ஆனால் நோட்டு எழுபத்தொன்று என்றது. கண்ணை விட்டுவிட்டு நோட்டை நம்பினேன்.

நீ ஏரிக்கரையில் ரத்தமாக வாந்தி எடுத்த பிறகுதான் பெங்களூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். இரைப்பையில் கட்டி, ஈரல் வரை போய்விட்டது என்றார்கள். "இவ்வளவு இளைத்திருக்கிறார், யாரும் கவனிக்கவில்லையா?" என்று டாக்டர் கேட்டார். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் கத்தி வைத்துப் பார்த்திருக்கலாமாம். வேப்பனப்பள்ளியில் உங்கள் தோப்பில் மாங்காய் இறக்கத் தொடங்கிய வாரம் நீ போனாய்.

காரியம் முடிந்த அன்று உன் மனைவி இந்த ஜெர்கினைக் கொண்டுவந்து கொடுத்தாள். கூடவே கனமான ஒரு துணிப்பை.

"இது அவர் ஜெர்கின் பாக்கெட்டுல இருந்துச்சுண்ணா. கம்பெனி சாமான் போல இருக்குது. ஸ்டோர்ல குடுத்துருங்க. அவருக்குக் கெட்ட பேரு வேணாம்."

பிரித்துப் பார்த்தேன். சிவப்புப் பெயின்ட் அடித்த ஆறு ரிஜெக்ட் பீஸ். ஒவ்வொன்றும் அரைக் கிலோ. ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் வராமல் இருக்க, தனித்தனியாகப் பழந்துணியில் சுற்றி வைத்திருந்தாய். எனக்குப் புரிய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஒரே நாளில் ஆறையும் போட்டிருக்க மாட்டாய். இளைக்க இளைக்க ஒவ்வொன்றாகச் சேர்த்திருப்பாய். நான் மனம் தளர்ந்து ஓட்டத்தை நிறுத்திவிடக் கூடாது என்பதற்காக. நீ இளைத்தது ஓட்டத்தால்தான் என்று நீயும் நம்பியிருந்தாய் பார், அதை நினைத்தால்தான் தாங்க முடியவில்லை.

அந்த நேரம் பார்த்து அவள் கேட்டாள்: "வாரா வாரம் எடை போட்டீங்களேண்ணா, அவரு கொறைஞ்சது ஒரு தடவகூடத் தெரியலியா?"

கையில் பையை வைத்துக்கொண்டு, "மிஷின்ல ஏதோ கோளாறும்மா" என்றேன்.

"பாழாப்போன மிஷினு" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பீஸ்களை ஸ்டோரில் கொடுக்கவில்லை. பீரோவில் இருக்கின்றன. இன்றைக்கும் ஓடுகிறேன், இன்றைக்கும் தொண்ணூற்றொன்று. யாராவது இளைத்துவிட்டேன் என்று பெருமையாகச் சொன்னால், வயிறு எரிகிறதா என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்கிறேன். உன் மனைவியிடம் உண்மையைச் சொல்லிவிட இரண்டு முறை வேப்பனப்பள்ளிக்குப் பஸ் ஏறினேன். இரண்டு முறையும் அவள் போட்ட காபியைக் குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

போன மாதம் எடை மிஷினைச் சோதித்து முத்திரை போடும் சர்க்கார் ஆட்கள் ஸ்டோருக்கு வந்தார்கள். நானும் போய் நின்றேன். கல்லை வைத்துப் பார்த்துவிட்டு, இத்தனை வருஷத்தில் ஒரு கிராம்கூடப் பிசகாத மிஷின் என்றார்கள்.