சாட்சி இல்லாத கொடுவா

ஆவுடையார்கோவில்,
ஞாயிற்றுக்கிழமை.

மதிப்புக்குரிய ரெங்கசாமி அண்ணனுக்கு,

சொர்ணவல்லி வணக்கத்தோடு எழுதுகிறேன். ஆஸ்திரேலியாவின் டார்வினில் நீங்களும் சேரனும் மருமகளும் சுகமாக இருக்க வேண்டும். நான் நன்றாகத்தான் இருக்கிறேன். உங்கள் நண்பரை, என் வீட்டுக்காரரைப் பற்றி அப்படி எழுத முடியவில்லை. அதற்குத்தான் இந்தக் கடிதம். நண்பர் என்று படித்ததும் தாளை மடித்து ஓரமாக வைத்துவிடாதீர்கள். உங்கள் இரண்டு பேருக்கும் ஐந்து வருடமாகப் பேச்சு இல்லை என்பது நீங்கள் இரண்டு பேரும் வேலை பார்த்த அறந்தாங்கி பஸ் டெப்போவில் இன்று வேலைக்குச் சேர்ந்தவனுக்குக்கூடத் தெரியும்.

முகவரியை அரிமளத்துக்குப் போய் உங்கள் அக்கா காத்தாயியிடம் வாங்கி வந்தேன். அந்த ஆளு சம்சாரத்துக்கா குடுக்கணும் என்று முதலில் இழுத்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது. காப்பி போட்டுக் கொடுத்து, சேரன் அனுப்பிய பார்சல் அட்டையில் இருந்த முகவரியையே கிழித்துக் கையில் தந்தார்கள். போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பீர்கள். உங்கள் நம்பரை அவர் எப்போதோ அழித்துவிட்டார். அக்காவிடம் நம்பரும் வாங்கியிருக்கலாம். ஆனால் பேசினால் பாதியில் அழுதுவிடுவேன், சொல்ல வந்தது நின்றுபோகும். எழுத்தில் எனக்குக் கொஞ்சம் தைரியம் உண்டு.

தை மாதக் கடைசியில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. காலையில் முகத்துவாரத்துக்கு மீன் பிடிக்கப் போக வேண்டும் என்று தூண்டில் ரீலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தவர், அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார். புதுக்கோட்டைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். உயிர் தப்பியது. கால் தேறி வருகிறது, கம்பு ஊன்றிக் கொல்லைப்புறம் வரை நடக்கிறார். வலது கை பாதிக்கு வந்திருக்கிறது. பேச்சுதான் வரவில்லை. நாம் சொல்வது எல்லாம் புரிகிறது. சொல்ல நினைப்பதும் உள்ளே இருக்கிறது. வாய்க்கு வந்து சேர்வதில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஷர்லி என்று ஒரு பெண் வருகிறாள். கெட்டிக்காரி. இந்த முதல் சில மாதங்களில் எவ்வளவு பேசுகிறாரோ அவ்வளவு திரும்பக் கிடைக்கும், இப்போது விட்டால் இப்படியே நின்றுபோகவும் கூடும் என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். பேச வேண்டும் என்ற ஆசை அவருக்கு வரணும், அத நான் ஊசில ஏத்த முடியாதும்மா என்றாள். அங்கன்வாடியில் எத்தனை பிள்ளைகளுக்கு அம்மா, ஆடு, இலை என்று வாய் திறக்க வைத்திருக்கிறேன். இவரிடம் என் வித்தை எதுவும் பலிக்கவில்லை. படத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டால், நான் என்ன பாப்பாவா என்பது போல ஒரு பார்வை பார்க்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது, அண்ணே.

உங்கள் தூண்டில் குழுவில் இருந்து ஆள் மாற்றி ஆள் வந்து பார்த்தார்கள். முன்பெல்லாம் எங்கள் வீட்டில் இரண்டு தூண்டில்காரர் சேர்ந்தால் தெருக்கோடி வரைக்கும் சத்தம் கேட்கும். என்ன மீன், பொய் இரையாகக் கட்டியது எந்த லூர், கடல் ஏறும்போதா இறங்கும்போதா, அது வாய் வைத்ததா பாறையில் மாட்டியதா என்று வெட்டுக்குத்து நடக்காத குறைதான். இப்போது வந்தவர்கள் எழவு வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி அடக்கமாக உட்கார்ந்து, அன்னைக்கு நீங்க புடிச்சதுதாண்ணே பெரிய கொடுவா, அதுல என்னண்ணே சந்தேகம் என்றார்கள். ஐந்து வருடம் நம்பாதவர்கள், அவர் கட்டிலில் படுத்ததும் நம்பிவிட்டார்கள். அவர் தலையை ஆட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மீன்பிடி வீடியோ போடுகிற சூர்யபிரகாஷ் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அவன் ஒரு படி மேலே போய், கொடுவா மன்னன் ஆத்மநாதன் என்று பெயர் வைத்து, பின்னால் மேளம் எல்லாம் சேர்த்து வீடியோ போட்டான். நாலாபக்கமிருந்தும் கும்பிடு போட்டுச் செய்தி வந்தது. அதைப் பார்த்து இவர் சிரிக்கவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

அந்தக் கொடுவா விஷயம் உங்களுக்குத் தெரியும். எனக்கு அவர் சொன்னபடி எழுதுகிறேன், பிசகு இருந்தால் திருத்துங்கள். அன்று நீங்கள் இரண்டு பேர் மட்டும்தான் முகத்துவாரத்தில் நின்றீர்களாம். கடல் ஏறிக்கொண்டிருந்ததாம். நீங்கள் டீ வாங்க வண்டியை எடுத்துக்கொண்டு போனீர்கள், தராசு உங்கள் வண்டிப் பெட்டியில் இருந்தது. நீங்கள் போன பிறகு அது லூரைக் கவ்வி, இரண்டு தடவை தண்ணீரை விட்டு மேலே எழும்பி, கடைசியில் கரைக்கு வந்ததாம். தூண்டில் ராடில் பாதிக்கு மேல் நீளமாம். தராசுக்காகக் காத்திருந்து பார்த்திருக்கிறார். அது வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்க்க முடியாமல், தண்ணீரில் இறக்கி, வாலை அடிக்கிற வரைக்கும் பிடித்திருந்து விட்டுவிட்டாராம். நீங்கள் டீயோடு வந்து, சாட்சி இல்லாத மீன் மீனே இல்லை என்றீர்கள். அது நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து குழுவுக்குப் போட்ட சட்டம்தானே, அதில் குற்றம் சொல்ல மாட்டேன். இவர் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். அதை விட்டு, நீங்கள் முன்பு பிடித்துத் தராசில் நிறுத்துக் காட்டிய மீனை இழுத்து, உன் பதினாலு கிலோ கொடுவா வயித்துக்குள்ள எத்தனை ஈயக்குண்டு கெடந்துச்சோ என்று கேட்டுவிட்டார். நீங்கள் டீயை மணலில் ஊற்றிவிட்டு வண்டியைக் கிளப்பினீர்கள்.

எடை கூட்ட மீன் வயிற்றில் ஈயக்குண்டு திணித்தான் என்பது தூண்டில்காரனிடம் எவ்வளவு பெரிய வசவு என்று எனக்கு அப்போது புரியவில்லை. திருடன் என்று சொன்னதைவிட மோசம் என்று சூர்யபிரகாஷ் இப்போது சொன்னான். அந்த வார்த்தை தப்பு, அண்ணே. அவருக்காக நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. அவர் வாயால் கேட்க வேண்டும். அதற்கு முதலில் வாய் வேண்டும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் சூர்யபிரகாஷ் வந்திருந்தபோது, சேரன் பேஸ்புக்கில் போட்டிருந்த உங்கள் படம் அவன் போனில் இருந்தது. தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் ஆரஞ்சு கலர் மிதவைச் சட்டையுமாக எனக்கே உங்களை அடையாளம் தெரியவில்லை. கையில் பளபளவென்று ஒரு கொடுவா. அங்கே அதற்கு வேறு பெயராம், அதைப் பிடிக்க வெளியூரில் இருந்தெல்லாம் ஆட்கள் வருவார்களாம். அவன் என்னிடம்தான் காட்டினான். இவர் இடது கையை நீட்டி அந்தப் போனை வாங்கினார். விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு, தை மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக, ஒரு முழு வாக்கியம் சொன்னார். கைய நீட்டிப் புடிச்சிருக்கான் என்றார்.

நான் கஞ்சிக் கிண்ணத்தோடு அப்படியே நின்றுவிட்டேன். மறுபடியும் படத்தை உற்றுப் பார்த்து, ஏழு கிலோ, அம்புட்டுதான் என்றார். மீனைக் கேமரா பக்கம் நீட்டிப் பிடித்தால் பெரிதாகத் தெரியும், மீனைப் பார்க்கக் கூடாது, பிடித்திருக்கிற விரலின் பருமனைப் பார்க்க வேண்டும் என்று சூர்யபிரகாஷ் எனக்கு விளக்கினான். உண்மையா, அண்ணே? நீட்டித்தான் பிடித்தீர்களா? எத்தனை கிலோ அது? கோபித்துக்கொள்ளாதீர்கள், தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. அன்று சாயங்காலம் வரை உங்களைத் திட்டித் திட்டி நாலைந்து வாக்கியம் பேசினார். ஷர்லியிடம் சொன்னேன். அந்த ஆளக் கூட்டிட்டு வாங்கம்மா என்று சிரித்தாள். அந்த ஆள் ஆஸ்திரேலியாவில் இருக்கிறார் என்றேன்.

சரி, நாமே சண்டை போட்டுப் பார்ப்போம் என்று மறுநாள் கட்டில் ஓரமாக உட்கார்ந்து, அன்னைக்கு நீங்க புடிச்சது கொடுவாவே இல்ல, கெளுத்தியா இருக்கும் என்று அவரிடம் சொன்னேன். அவருக்குக் கோபமே வரவில்லை. என் கன்னத்தைத் தட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். தூண்டிலையே தொடாதவள் பேச்சை எவன் மதிப்பான்? எனக்குத்தான் ரோஷம் வந்துவிட்டது.

அதனால் நானும் முகத்துவாரத்துக்குப் போனேன். சூர்யபிரகாஷும் அவன் மனைவி தேவிப்ரியாவும் காரில் அழைத்துப் போனார்கள். வழியில்தான் அந்தப் பெண் சொன்னாள், கொடுவா சின்னதில் ஆணாக இருந்து, வளர்ந்து பெரிதானதும் பெண்ணாகிவிடுமாமே! பெரியதெல்லாம் முட்டை போடுகிற தாய் என்றுதான் நீங்கள் திரும்ப விடுகிறீர்களாமே. இவ்வளவு வருடம் கூட வாழ்ந்த மனிதர் இதை என்னிடம் மூச்சு விட்டதில்லை. கோட்டைப்பட்டினம் பிச்சை என்று ஒருவர் இருந்தார், இருட்டில் கொடுவா வாயை மூடுகிற டப் சத்தத்தை வைத்தே எடை சொல்லுவார் என்ற கதையை மட்டும் நூறு தடவை சொல்லியிருக்கிறார். கல்யாண நாள் ஞாபகம் இல்லாத மனிதருக்குப் பிச்சை எந்த வருடம் எதைப் பிடித்தார் என்பது மட்டும் எப்படி ஞாபகம் இருக்கிறது என்பதும் எனக்கு விளங்காத ஒன்று.

முதல் வீச்சில் என் முந்தானை மாட்டியது. அடுத்தது கருவேல முள்ளில் போய்ச் சிக்கியது. வெயில் ஏறியதும் அவர்கள் இரண்டு பேரும் கார் நிழலுக்குப் போய்விட்டார்கள், நான் மட்டும் நின்றேன். எதற்காக இப்படி மணிக்கணக்கில் நிற்கிறீர்கள் என்று அங்கே நின்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு இழுப்பு வந்தது. வெடுக்கென்று. ராடு வளைந்தது, ரீல் கத்தியது. இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் கண்ணுக்குத் தெரியாத ஒரு உயிர், நடுவில் அந்த நூல். பிறகு நூல் தொய்ந்துவிட்டது. சிரிப்பு வருகிறது, அழுகையும் வருகிறது. யாரிடமாவது இதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றியது. அதுவும் நம்புகிற ஆளிடம் சொல்லி என்ன பிரயோஜனம்? நம்பாத ஆளிடம் சொல்லி நம்ப வைக்க வேண்டும் போல இருந்தது. உங்கள் இரண்டு பேரையும் எனக்குக் கொஞ்சம் புரிந்தது அப்போதுதான்.

வீட்டுக்கு வந்து இரண்டு கையையும் அகல விரித்து, இம்மாம் பெருசு, கைக்கு வந்து போயிருச்சு என்றேன். அவர் என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். உதடு கோணி, கஷ்டப்பட்டு, யாரு பாத்தா என்று கேட்டார். நான் யாரும் பார்க்கவில்லை என்றேன். கடகடவென்று சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று நின்றுவிட்டார். தான் கேட்டது யாருடைய கேள்வி என்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும். கண் கலங்கிவிட்டது. பிறகு ஒவ்வொரு சொல்லாக, ரெங்கசாமி இருந்தா நம்ப மாட்டான் என்றார்.

அதை வருத்தமாகச் சொல்லவில்லை, அண்ணே. ஆசையாகச் சொன்னார். நான் அடுப்படிக்குப் போய் அழுதேன்.

என் நம்பரைத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். கடிதம் கைக்குக் கிடைத்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை, உங்களுக்குத் தோதான நேரத்தில், முகம் தெரிகிற மாதிரி கூப்பிடுங்கள். என் போன் பெரும்பாலும் அவர் பக்கத்தில்தான் கிடக்கும், அவரே எடுக்கட்டும். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்காதீர்கள். பழசை மறந்துவிடுவோம் என்று சொல்லாதீர்கள், அதை இங்கே எல்லாரும் சொல்லிவிட்டார்கள். எடுத்த எடுப்பிலேயே சண்டையைத் தொடங்குங்கள். அவர் சொல் தேடித் திணறும்போது நீங்களாக எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். காத்திருங்கள். காத்திருக்க உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னொன்று. அன்று நீங்கள் டீயோடு கரையில் இறங்கி வரும்போது, தண்ணீருக்குள் போகிற அதன் வாலையாவது பார்த்திருந்தால், தயவுசெய்து இப்போது சொல்லிவிடாதீர்கள். நிஜமாகவே இருந்ததா என்று தெரிந்துகொள்ள எனக்கும் ஆசைதான். என் ஆசை கிடக்கட்டும்.

எங்கள் ஊர்க் கோயில் ஆத்மநாத சாமி உங்களுக்கு நல்ல ஆயுளும் நல்ல தொண்டையும் கொடுக்கட்டும். அந்த மீன் எவ்வளவு பெரிது என்று அவர் ஆதியில் இருந்து தொடங்கி, திக்கித் திக்கியாவது முழுசாகச் சொல்லி முடிக்கிற வரைக்கும் அவரை நம்பாதீர்கள், அண்ணே. சொல்லி முடித்த பிறகும் நம்பாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை
சொர்ணவல்லி