மேலே ஏடு, கீழே தண்ணீர்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். அங்கே நலமா என்று கேட்கக் கை வரவில்லை கண்ணு, இல்லை என்று தெரிந்துகொண்டே எப்படிக் கேட்பது. அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டதும் வாய் பழையபடி திரும்பிவிட்டது, காலையில் எழுந்ததிலிருந்து எனக்கு அர்ச்சனைதான். மாடிக் குழாய் ஒழுகுகிறது, ஆள் இதோ வருகிறேன் என்று பத்து நாளாக இழுத்தடிக்கிறான். பேரன் குட்டி குப்புற விழுந்த படத்தைத் தெருவில் ஒருவர் பாக்கியில்லாமல் காட்டிவிட்டேன்.

போன ஞாயிறு நீ அம்மாவிடம் போனில் பேசியதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஆபீஸில் பழைய ஃபைல் அறையில், தாழ்ப்பாள் இல்லாத கதவுக்கு நாற்காலியை முட்டுக்கொடுத்து, சாப்பாட்டையும் விட்டுவிட்டு, குட்டிக்குப் பால் எடுக்கப் பம்ப் வைத்து உட்கார்ந்தாலும் பாட்டிலில் பாதிகூட ஏறவில்லை, நாங்கள் வந்திருந்தபோதே போதாமல் போய்விட்டது, இந்த மாதத்தோடு நிறுத்திவிடுகிறேன் என்று அழுதாய். ஒழுங்காகச் சாப்பிட்டால்தானே என்று அம்மா உன்னையே திட்டினாள். எனக்கு விஷயம் தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. அதன் பிறகு மூன்று முறை உனக்குப் போன் போட்டேன், உன் குரலைக் கேட்டதும் குழாய் ரிப்பேர் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

முப்பது வருஷம் பால் டிப்போவில் கேன் மூடியைத் திறந்ததுமே இது திரிந்தது, இது தண்ணீர் கலந்தது என்று திருப்பி அனுப்பியவன் நான். உன் வீட்டுக்கு வந்திருந்தபோது அம்மா காய்ச்சலில் படுத்த நான்கு நாளும் குட்டிக்குப் பாட்டில் கொடுத்தது நான்தானே. ஃப்ரிட்ஜைத் திறந்தால், முந்தின நாள் நீ ஆபீஸிலிருந்து கொண்டுவந்து வைத்ததில் மேலே ஏடு, கீழே தண்ணீர். திரிந்துவிட்டது என்று சிங்க்கில் கொட்டினேன். தினம் இரண்டு பாட்டில். காலையில் நீ எடுத்து வைத்துப் போனதை மட்டும் கொடுத்துச் சமாளித்தேன். கெட்டுப்போனது தெரிந்தால் வருத்தப்படுவாய் என்று பாட்டில்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். சாயங்காலம் நீ வந்து, இத்தனையும் குடித்துமா இவனுக்குப் பசி அடங்கவில்லை என்று கேட்டாய். அப்போதும் நான் சொல்லவில்லை.

நீ போனில் அழுததற்கு இரண்டு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை, இங்கே பக்கத்து வீட்டு நர்சம்மாவிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். "தாய்ப்பால எடுத்து வச்சா பிரியத்தான் செய்யும் சார், லேசா சுத்திக் கலந்தா ஒண்ணாயிடும்" என்றாள். நான் கொட்டியதெல்லாம் கெடாத பால். எடுக்க எடுக்கத்தான் ஊறுமாம், ஒரு வேளையும் விடக்கூடாதாம், பட்டினி கிடந்து எடுக்கக்கூடாதாம். குட்டியின் படத்தைப் பார்த்துக்கொண்டே எடுத்தால் நல்லதாம். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், எனக்கு வேறு என்ன தெரியும். நான் கொட்டியது எட்டு பாட்டில். ஆனால் அன்றிலிருந்து நீ உன் உடம்பை நம்புவதை விட்டுவிட்டாய், அதை நான் எங்கே போய் எடுத்து வருவேன். இந்தக் கடிதம் மாதக் கடைசிக்குள் வந்து சேருமா என்பதுகூட என் கையில் இல்லை. முடியவில்லை என்றால் நிறுத்திவிடு, யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள், அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன். உன்னிடம் குறை என்று நினைத்து மட்டும் நிறுத்தாதே.

நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் ஒரு குறையுமில்லாமல் நன்றாக இருக்க வேண்டும். ஒன்றே ஒன்று மறக்காமல் செய். ஃப்ரிட்ஜ் கதவில் நீ ஒட்டியிருக்கும் பால் கணக்குத் தாளில் அந்த நான்கு நாளுக்கும் நேரே "போதவில்லை" என்று எழுதி வைத்திருக்கிறாய். அதை அடித்துவிட்டு, "அப்பா கொட்டிவிட்டார்" என்று எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா