வளைவைக் கூட்டிய சின்னம்மா

சின்னம்மா,

இன்று காலை கடைக் கதவைத் தள்ளிக்கொண்டு அவர்கள் உள்ளே வந்தபோது அந்த மணமும் கூடவே வந்தது. மழையில் நனைந்த கம்பளிச் சட்டையின் மணம். அதற்கு மேலால் கால்களில் தேய்த்த நோவெண்ணெயின் காரம். "சைக்கிள்காரர் வந்திட்டினம், இனிப் பிரசங்கம் தொடங்கும்" என்று நீங்கள் சொல்லுவீர்கள். நான் குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். சொல்ல அங்கே ஒருவரும் இல்லை.

நீங்கள் போன பிறகு சான்ட்விச் செய்வதும் நான்தான், மேசை துடைப்பதும் நான்தான். ஸ்ட்ரெதம் கடைத்தெருவில் இந்தச் சின்னக் கோப்பிக் கடைக்கு என்னைக் கூட்டிவந்ததே நீங்கள். பதினாறு வயதில் நான் பள்ளிக்கூடத்தை விட்டபோது அம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நீங்கள்தான் கோலியர்ஸ் வுட்டில் எங்கள் வீட்டுக் குசினியில் நின்று கதைத்தீர்கள். "அக்கா, வாயே திறக்காத பிள்ளையை அங்க வைச்சு என்ன செய்யிறது? என்னோட வரட்டும். பாண் வெட்ட வாய் தேவையில்லை."

அது சரியாகத்தான் இருந்தது. நீங்கள் எல்லாரோடும் கதைத்தீர்கள், நான் பாண் வெட்டினேன். ஆனால் இப்போது ஒரு பிரச்சினை வந்துவிட்டது. உங்களைப் பற்றி இங்கே ஒரு கதை ஓடுகிறது. அதைப் பிழையாகச் சொல்கிறார்கள். சரியான கதை தெரிந்த ஆள் இந்தக் கடையில் நான் ஒருத்திதான். அதைச் சொல்ல வேண்டுமென்றால் நான் வாயைத் திறக்க வேண்டும்.

பங்குனி பிறந்தாலே இவர்களுக்குக் கல்லு ரேஸ் பைத்தியம் பிடித்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். வட பிரான்சில் வயல்களுக்கு நடுவே கல் பதித்த பழைய வண்டிப் பாதைகள். வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதில் சைக்கிள் ஓட்டம். அது நடக்கும் வரை இங்கே பழைய ஓட்டங்களின் வீடியோ கசெட்டுகள்தான். அவர்கள் இங்கிலீசில் சொல்வதை எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன். "இப்ப ஓடுறது ஓட்டமே? அந்த நாளையில சேத்துக்க முகம் தெரியாம வருவாங்கள்" என்பார் கென். தபால் வேலையிலிருந்து இளைப்பாறியவர், இவர்களுக்கெல்லாம் தலைவர் மாதிரி. சேறு இல்லாத வருடமெல்லாம் அவருக்கு வருடமே இல்லை.

அந்தச் சேற்று வருடக் கசெட்டைப் போட்ட முதல் நாள், நீங்கள் பட்டர் பூசின கத்தியோடு குசினி வாசலில் வந்து நின்றீர்கள். "எடியேய், இது றோட்டோ வயலோ?" என்று என்னைக் கேட்டீர்கள். ஒரு வளைவில், சிவப்புச் செங்கல் கட்டிடம் ஒன்றுக்குப் பக்கத்தில், ஒரு பெடியன் சறுக்கி விழுந்தான். தோளைப் பிடித்துக்கொண்டு சேற்றில் இருந்தான். கமரா அவனை விட்டுவிட்டு முன்னால் போய்விட்டது. நீங்கள் கத்தினீர்கள்: "உங்க எங்க போறாய்? திருப்படா கமராவை! அவன் எழும்பினவனோ?"

கென் சிரித்தார். "அவனை விடு. முன்னுக்குப் போறவனைப் பார், அவன்தான் வெல்லப்போறான்."

"முன்னுக்குப் போறவனைப் பாக்க ஊரே நிக்குது" என்று உங்கள் இங்கிலீசில் சொன்னீர்கள். "இவனை ஆர் பாக்கிறது?"

அதற்குப் பிறகு அந்தக் கசெட் போடும் நாளெல்லாம் அந்த இடத்தில் வந்து நின்றீர்கள். ஒவ்வொரு முறையும் அதே கேள்வி. ஒவ்வொரு முறையும் கமரா திரும்பவில்லை. எனக்குச் சிரிப்பாக இருக்கும். ஆனால் அந்த இடம் வரும்போது நானும் கத்தியை வைத்துவிட்டு எட்டிப் பார்க்கத் தொடங்கினேன்.

எங்களுக்குப் பாஸ்போர்ட் கிடைத்த கையோடு, ஓட்டம் பார்க்க வருடாவருடம் கென் ஒழுங்குசெய்யும் பஸ்ஸில் எனக்கும் சேர்த்து இடம் பிடித்தீர்கள். அம்மாவுக்கு நம்ப முடியவில்லை. "கல்லு றோட்டில சைக்கிள் ஓடுறதைப் பாக்கக் கடல் தாண்டிப் போறியளோ? உதுக்கு ஊரிலேயே இருந்திருக்கலாமே!" நீங்கள் அசையவில்லை. செத்தல் மிளகாய் இடித்த கட்டைச் சம்பல் வைத்து சான்ட்விச் கட்டினீர்கள். கப்பலில் கென் அதில் ஒன்றைக் கேட்டு வாங்கித் தின்றுவிட்டு, டோவர் கரை மறையும் வரை கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "ஊரை விட்டுப் பிரியிறது அவ்வளவு கவலையோ?" என்று அவரைக் கேட்டீர்கள். பஸ்காரர் எல்லாரும் சிரித்தார்கள்.

பிரான்சில் இறங்கி வயல் ஓரமாக நடந்துகொண்டிருந்தபோது நீங்கள் சட்டென்று நின்றீர்கள். சிவப்புச் செங்கல் கட்டிடம். இலையில்லாத மரங்கள். கல் பாதை இடப்பக்கம் மடங்கும் வளைவு. "பிள்ளை, இதுதானே?" என்றீர்கள். எனக்கும் தெரிந்துவிட்டது. இரவு மழை பெய்திருந்தது. உழவு இயந்திரம் போன வழியெல்லாம் சேறு அள்ளிப் போட்டிருந்தது. கென்னுக்கும் கூட்டத்துக்கும் ஒரே சந்தோஷம், பழைய நாள் திரும்பி வந்த மாதிரி.

நீங்கள் பக்கத்துப் பண்ணை வீட்டு வாசலுக்குப் போனீர்கள். அங்கே நின்ற மனிசியோடு கையாலும் கண்ணாலும் ஏதோ கதைத்தீர்கள். நீண்ட கைப்பிடி போட்ட தும்புத்தடியோடு திரும்பி வந்து வளைவின் ஓரத்தைக் கூட்டத் தொடங்கினீர்கள்.

"ஐயோ, விடு! விடு! சேறு வேணும்!" என்று கென் கத்தினார். கொடி வைத்திருந்த ஆட்கள் பிரெஞ்சில் ஏதோ கத்தினார்கள், விசில் அடித்தார்கள், பிறகு கை தட்டினார்கள். நான் தொப்பியை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டேன். நீங்கள் நிமிரவேயில்லை. "தேர் திரும்பிற மூலையைக் கூட்டாமல் விடுறதோ?" என்று தமிழில் எனக்கு மட்டும் சொன்னீர்கள். "உவங்களுக்குச் சேறு வேணுமாம். விழுறவனுக்குத்தானே நோகும்."

ஹெலிகொப்டர் சத்தம் கேட்டது. மோட்டார் சைக்கிள்கள் வந்தன. பிறகு அவர்கள் வந்தார்கள். முகம் என்று ஒன்று இல்லை, கண் மட்டும்தான். முன்னால் வந்தவர்கள் பாதையின் நடு மேட்டில் பறந்து போனார்கள். பின்னால் தனியாக வந்த ஒருவன் வளைவில் சறுக்கினான். சைக்கிளின் முன் சில்லு ஓரத்துக்கு இழுபட்டது. விழப்போகிறான் என்று நினைத்தேன். நீங்கள் கூட்டிவிட்ட துண்டில் சில்லு கல்லைப் பிடித்தது. அவன் ஆடி, நிமிர்ந்து, போய்விட்டான். "பாத்துப் போ ராசா!" என்று நீங்கள் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. கூட்டினதால்தான் தப்பினானா, தெரியாது. தும்புத்தடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நீங்கள் குதித்ததுதான் தெரியும்.

அடுத்த ஐப்பசியில் நெஞ்சு நோகிறது என்று படுத்தீர்கள். எழும்பவில்லை. செத்தவீட்டுக்குக் கென் கறுப்பு டை கட்டிக்கொண்டு வந்து, பின்வரிசையில் சப்பாத்தில்லாமல் நின்றார்.

அவருக்கு உங்களில் அன்பு இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அன்பில்தான் அந்தக் கதையைச் சொல்கிறார். ஆனால் சொல்லச் சொல்ல அது வேறு மாதிரிப் போய்விட்டது. இன்று காலை இரண்டு புதுப் பெடியன்களை இருத்தி வைத்து ஆரம்பித்தார். "எங்கட கடையில ஒரு மனிசி இருந்தவ. ரேஸ் எண்டால் என்னெண்டே தெரியாது. துப்புரவு வேலை செய்து பழகின கை பார், ஊத்தையைக் கண்டால் சும்மா இருக்காது. உலகத்திலேயே பெரிய ஓட்டத்தில, நடு றோட்டில நிண்டு..." பெடியன்கள் மேசையில் தட்டிச் சிரித்தார்கள். ஒருவன் "அடுத்த முறை மொப்பும் வாளியும் கொண்டுபோவம்" என்றான்.

என் கையில் நான்கு கோப்பைகள் இருந்தன. அவற்றை மேசையில் வைத்தேன். 

"அது அப்படியில்லை" என்றேன்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கென்னுக்கு என் குரலை அடையாளம் தெரியவில்லை என்று நினைக்கிறேன். கதவுப் பக்கம் பார்த்துவிட்டுத்தான் என்னைப் பார்த்தார்.

"அவவுக்கு ரேஸ் தெரியும்" என்றேன். "அந்த வளைவும் தெரியும். உங்கட கசெட்டில ஒருத்தன் அதில விழுந்தவன். அவன் எழும்பினவனோ எண்டு ஒவ்வொரு முறையும் உங்களைக் கேட்டவ. நீங்கள் சொல்லேல்லை. அதுதான் கூட்டினவ. இன்னொருத்தன் விழக்கூடாது எண்டு."

இங்கிலீஷ் எங்கெங்கோ உடைந்தது. பாதியில் கண்ணீர் வந்துவிட்டது. ஆனாலும் முடிவு வரைக்கும் சொன்னேன். நீங்கள் போட்ட சத்தத்தையும் சொன்னேன். அதற்கு இங்கிலீஷ் தெரியாததால் தமிழிலேயே சொன்னேன்.

கென் எழும்பிப் போய் அந்தக் கசெட்டைத் தேடிப் போட்டார். வளைவு வந்ததும் நிறுத்தினார். படம் நடுங்கிக்கொண்டு நின்றது. சேற்றில் தோளைப் பிடித்தபடி அந்தப் பெடியன். "எத்தினை தரம் பாத்திருப்பன்" என்றார் கென். "இவனை ஒரு தரமும் பாக்கேல்லை."

பிறகு பெரிய சண்டை தொடங்கியது, சின்னம்மா! அவன் பெல்ஜியம்காரன் என்று ஒருவர், இல்லை இத்தாலி என்று இன்னொருவர். அன்றைக்கே ஓடி முடித்தான் என்றார் ஒருவர், அம்புலன்சில் போனான் என்றார் இன்னொருவர். சாப்பாட்டு நேரம் வரைக்கும் அந்த ஒருவனைப் பற்றியே சண்டை பிடித்தார்கள். அந்த வருடம் யார் வென்றது என்று யாரும் சொல்லவில்லை. பதிலும் கிடைக்கவில்லை. ஆனால் உங்கள் கேள்வியை இப்போது இவ்வளவு பேர் கேட்கிறார்கள்.

மழையில் பிந்தி வந்த நால்வர் என்ன சத்தம் என்று விசாரித்தார்கள். கென் என்னைக் காட்டினார். "அவளைக் கேளுங்கோ. நான் சொன்னால் பிழையாப் போகும்." அந்தக் கதையை இரண்டாம் முறை சொன்னேன். அழவில்லை. அவர்கள் போகும்போது கென்னிடம் போய், சித்திரையில் பஸ்ஸில் எனக்கு ஒரு இடம் வேண்டும் என்று நானே கேட்டேன். "உனக்கில்லாமலோ" என்றார்.

இரவு சாப்பிடும்போது அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா முதலில் சிரித்தா, பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்தா. "அவள் அப்பிடித்தான். இன்னும் சொல்லு" என்றா.

சொன்னேன். மூன்றாம் முறை சொல்லும்போது நீங்கள் கூட்டிய துண்டு கொஞ்சம் நீண்டுவிட்டது. அடுத்த மரம் வரைக்கும் போய்விட்டது. தப்பிப்போன பெடியன் உங்களைத் திரும்பிப் பார்த்துக் கையும் காட்டிவிட்டான். அவன் காட்டவில்லை என்பது எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். கை காட்டட்டும் என்று விட்டுவிட்டேன்.