உள்பக்கத் தாழ்ப்பாள்

என் செல்ல மகள் சேபோமுக்கு,

விடுதி முகவரிக்கு ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். கிம்ச்சி ஊறுகாயைத் தனியாகக் கட்டியிருக்கிறேன், ஒழுகாது. இங்கே நம் தேகு ஊரில் இந்த வருடமும் வெயில் கொளுத்துகிறது. அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை.

இதைச் சொல்லவா காகிதம் எடுத்தேன்?

கொரோனாவுக்காகப் பள்ளியை மூடிய வருடம் உனக்குப் பதினாறு வயது. வீட்டிலேயே அடைந்து கிடந்ததில் இரவும் பகலும் உனக்குத் தலைகீழாகிவிட்டன. விடியும்போதுதான் கண் மூடுவாய். நான் அதைத் திமிர் என்று நினைத்தேன். அன்று காலை இணைய வகுப்பில் பெயர் கூப்பிடும் நேரம், நீ மேசையில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாய். "மகாராணிக்கு இன்னும் விடியலையோ?" என்று ஒரு தம்ளர் தண்ணீரை உன் முகத்தில் ஊற்றினேன்.

"சேபோமோட அம்மா, கேமரா ஓடிட்டிருக்குங்க" என்றார் கணினிக்குள்ளிருந்து உன் ஆசிரியர். யாரோ சிரித்தார்கள். நான் பதறிப்போய்த் திரையைப் பார்த்துக் குனிந்து குனிந்து அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். நீ சட்டைக் கையால் விசைப்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாய். உன்னிடம் கேட்கத் தோன்றவில்லை. பிறகு தோன்றியபோதெல்லாம் வாய் வரவில்லை.

அந்த வாரம்தான் உன் அறைக் கதவுக்கு நீயே உள்பக்கம் தாழ்ப்பாள் வைத்தாய்.

போன சுசோக் பண்டிகைக்கும் நீ வரவில்லை. இந்த முறை வந்தால் மதியமானாலும் எழுப்ப மாட்டேன். தாழ்ப்பாளில் திருகாணி கழன்று ஆடிக்கொண்டிருந்தது. நேற்று நானே இறுக்கினேன். அப்பாவை உள்ளே நிறுத்தித் தாழ் போடச் சொல்லிவிட்டு, வெளியிலிருந்து பலங்கொண்ட மட்டும் தள்ளிப் பார்த்தேன்.

திறக்கவில்லை.

அம்மா