பிரிக்காமல் கொடுத்த பெட்டி

வளப்பூர் நாடு
செவ்வாய்க்கிழமை

கோகிலவாணிக்கு,

உன் அப்பாவின் இரண்டு விரல்களைத் துண்டாக்கியது நீ. கொடுவாளைப் பிடித்தது அர்த்தனாரி, அவனை ஓங்க வைத்தது நீ. புனேயில் நீ நலமாக இருக்க வேண்டும் என்று இன்றைக்கும் விளக்கேற்றினேன், ஆனால் இங்கே நாங்கள் நலம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் சொன்னால் அழுகிறாய், அழுதுவிட்டு வைத்துவிடுகிறாய், அப்புறம் எடுப்பதே இல்லை. அதனால் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். அழுவதானால் முழுதும் படித்துவிட்டு அழு.

நீ கம்ப்யூட்டரில் கேம் செய்கிறேன் என்றபோது நான் தடுக்கவில்லை. முதலில் அதை இணையத்தில் விட்டாய். அங்கே தினமும் கூடை கூடையாகக் கேம் வந்து கொட்டுகிறது, நம்முடையது அடியில் போய்விடுகிறது, யார் கண்ணிலும் படவில்லை என்று நீதான் புலம்பினாய். உன் அப்பாவும் சும்மா இருக்கவில்லை, 'கையில புடிக்க ஒண்ணுமில்லாம அதென்ன கண்ணு வெள்ளாமை, காத்தையா விக்கறே' என்று உன்னைக் கேலி பண்ணிக்கொண்டே இருந்தார். அப்புறம் ஒரு கம்பெனிக்காரன் பெட்டியில் போட்டுக் கடை கடையாக வைக்கிறேன் என்றான், கையெழுத்துப் போட்டாய், எங்களுக்கும் ஒரு பெட்டி அனுப்பினாய். கண்ணாடித்தாள் ஒட்டி மினுமினுவென்று இருந்தது. அப்பா தடவித் தடவிப் பார்த்தார், பிரிக்கவில்லை. ஏன் பிரிக்கவில்லை என்று உனக்குத் தெரியும். பலாமர எல்லைத் தகராறில் உன் சித்தப்பா மாரி, அர்த்தனாரியின் அப்பா முத்தனை வெட்டிச் சாய்த்தபோது, இரண்டு வீட்டிலும் இனி ரத்தம் விழக்கூடாது என்று நாட்டுக் கூட்டத்தில் பெரியவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். நம் வீட்டு முதல் வெள்ளாமை எதுவானாலும் நாம் தொடும் முன்னால் அவர்கள் வீட்டுக்குப் போக வேண்டும். பதினெட்டு வருடமாக முதல் மிளகு, முதல் சாமை, முதல் பலா எல்லாம் ருசி பார்க்காமல் போனது. மாரி ஜெயிலிலேயே செத்த வருடமும் போனது. மகளுடைய முதல் வெள்ளாமை என்று உன் பெட்டியையும் வெற்றிலைத் தட்டில் வைத்து எடுத்துப் போனார் மனிதர். அர்த்தனாரி சிரித்துக்கொண்டேதான் வாங்கினான். 'எங்கூட்டுப் பையன் பிரேமு கம்ப்யூட்டர் வெச்சிருக்கறானுங்க, போட்டுப் பாக்கறோமுங்க' என்றானாம்.

பிரேம் பிரித்ததும் உள்ளே முதலில் கிடந்தது விரல் நீளத்தில் ஓர் இரும்புக் கொடுவாள். பெட்டி வாங்குகிறவர்களுக்கு நினைவுப் பொருளாம். கொன்ற வீட்டிலிருந்து செத்தவன் வீட்டுக்கு, வெற்றிலைத் தட்டில் கொடுவாள். அதற்கப்புறம் அடியில் இருந்த டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் போட்டிருக்கிறான். அதே பலாமரம், அதே எல்லைக்கல், தலையில் நீலத் துண்டு கட்டிய முத்தன். பொத்தானை அமுக்கினால் கழுத்தில் வெட்டு விழுகிறது. அமுக்காவிட்டால் கதை நகர மாட்டேன் என்கிறது. தன் தாத்தாவைத் தானே வெட்டினால்தான் அந்தப் பையனுக்கு அடுத்த கட்டம். அவன் அப்பனைக் கூப்பிட்டுக் காட்டினான்.

அர்த்தனாரி வாசலுக்கு வந்து கூப்பிடவில்லை. தோட்டத்துக்குள் புகுந்து மிளகுக் கொடிகளை அடியோடு அறுத்துக்கொண்டே வந்தான். 'ஏனுங்க, என்னாச்சுங்க' என்று கேட்டு அப்பா கையை நீட்டித் தடுத்தார், நீட்டிய கையில் விழுந்தது. விரல் இரண்டும் புல்லுக்குள் போனது, தேடியதில் ஒன்றுதான் கிடைத்தது, அதைத் துண்டில் முடிந்துகொண்டேன். மலையை விட்டுச் சேந்தமங்கலம் இறங்கும்வரை எழுபது வளைவிலும் வேனுக்குள் ரத்தம். ஒட்ட முடியாது என்றார் டாக்டர். எப்படிப் பட்டது என்று கேட்டதற்குப் பலாப்பழம் அறுக்கும்போது என்று நான்தான் பொய் சொன்னேன், போலீஸ் ஏறி வந்தால் மறுபடியும் இரண்டு வீடும் அழியும். 'நான் பெட்டிதானே பாவாயி குடுத்தேன்' என்று அப்பா திரும்பத் திரும்பக் கேட்டார். உள்ளே என்ன இருந்தது என்று சொன்னேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நீ என்ன சொன்னாய்? 'அந்த இடத்தை எடுத்துட்டேம்மா, வாங்கினவங்க எல்லாருக்கும் தானா மாறிடும்' என்றாய். இணையத்தில் வாங்கினவனுக்கு மாறும். பிரேம் கையில் இருக்கும் பெட்டிக்குள் முத்தன் செத்துக்கொண்டேதான் இருப்பான். கடைகளில் நிற்பதைத் திரும்ப எடுக்கச் சொன்னால், ரத்தம் இருப்பதால்தான் ஓடுகிறது என்று கம்பெனிக்காரன் சிரித்தானாம். சிரிப்பான். பிள்ளைத்தாய்ச்சியை இறக்க ஒரு வண்டி கேட்டால் இந்த மலைக்கு யாரும் வர மாட்டார்கள், நம் வெட்டுக்காயத்துக்கு மட்டும் ஊர் ஊராக அலமாரி போடுவார்கள். ஆனால் அட்டையில் உண்மைச் சம்பவம் என்று போடச் சம்மதித்தவள் நீ. அந்த நீலத் துண்டைப் பற்றி அடுப்படியில் உட்கார்ந்து உனக்குச் சொன்னவள் நான். என்னையும் நான் விடவில்லை.

இப்போது உன் தம்பி முரளி. 'ரெண்டு வெரலுக்கு ரெண்டு கையி' என்கிறான், சோறு இறங்கவில்லை அவனுக்கு. வீட்டில் இருந்த கொடுவாள் எல்லாவற்றையும் குச்சிக்கிழங்குக் காட்டில் புதைத்துவிட்டேன், இன்று காலையில் பார்த்தால் மண் கிளறிக் கிடக்கிறது. நாட்டுக் கூட்டம் வெள்ளிக்கிழமை. அர்த்தனாரி, தன் அக்காள் அத்தாயியிடம் சொல்லி அனுப்பியிருக்கிறான், 'நான் எங்கேயும் ஓடிப் போகல. அதைப் பண்ணுனவ வந்து எம்மூஞ்சியப் பாத்து எதுக்குப் பண்ணுனேன்னு சொல்லட்டும், தலை குனியறேன், வெரலுக்கும் பதில் சொல்றேன். வரலீன்னா இனித் தட்டு வேண்டாம்' என்று. தட்டு நின்றால் அந்தத் தீர்ப்பும் நின்றது. முரளியும் அதுவரைக்கும் பொறுக்கிறேன் என்று என் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறான். வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் அவன் என் பேச்சைக் கேட்க மாட்டான். கம்பெனியோடு பேசுகிறேன், வக்கீலைக் கேட்கிறேன் என்று எனக்குச் சொல்லாதே.

நேரத்துக்குச் சாப்பிடு சாமி, பட்டினி கிடக்காதே. நீ தீர்க்காயுசாக இரு, முரளி இருக்கட்டும், அந்தப் பிரேமும் இருக்கட்டும்.

உன்னைப் பெற்றவள்
பாவாயி

நீ இதைப் படித்துவிட்டாய் என்பது போனில் எனக்குத் தெரிந்துவிடும். சேலத்துக்கு எந்த ரயிலில் வருகிறாய்? அதை மட்டும் சொல்.