கழுவி வைத்த சப்பாத்து

போன கிழமை பட்டணத்துக் கடையொன்றில் சப்பாத்துப் பெட்டியைத் திறந்தபோது புது றப்பர் மணம் முகத்தில் அடித்தது. அந்த மணத்தோடு நீயும் வந்தாய். செத்த பிறகாவது என்னை நிம்மதியாகச் சப்பாத்து வாங்க விடுவாய் என்று நினைத்தேன். நீ விடவில்லை.

முழங்கால் நோவுக்கு டொக்டர் நடக்கத்தான் சொன்னார். நான் ஆட்கள் இல்லாத ஒழுங்கையில் கொஞ்சம் ஓடியும் பார்க்கிறேன். அதற்காகத்தான் கடைக்குப் போனேன். விற்கிற பொடியன் தடித்த அடியுள்ள ஒரு சோடியை எடுத்து, குதிப் பக்கத்தைப் பெருவிரலால் அழுத்திக் காட்டினான்.

“பாருங்கோ அன்ரி, மெத்தை மாதிரி. காலுக்கு ஒண்டும் தெரியாது.”

“காலுக்கு ஒண்டும் தெரியாட்டி நான் என்னெண்டு தம்பி ஓடுறது?” என்றேன்.

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. ஒவ்வொரு சோடியாகப் போட்டுக்கொண்டு கடை நடுவிலிருந்த தூணைச் சுற்றி வேகமாக வளைந்து நடந்தேன். மெத்தென்றது வளைவில் ஆடியது. அடி மெலிந்தது முழங்காலில் இடித்தது. இரண்டுக்கும் நடுவில் ஒன்றை எடுத்தேன். சப்பாத்து வாங்குகிறவர்கள் நேராக நாலடி நடந்து பார்த்துவிட்டுக் காசைக் கொடுக்கிறார்கள். வளைந்து பார்க்க வேண்டும் என்று எனக்கு எப்படித் தெரியும் என அந்தப் பொடியன் கேட்டிருந்தால் உன் பெயரைச் சொல்லியிருப்பேன்.

எண்பத்தாறாம் ஆண்டு. நீயும் நானும் ஒரே வகுப்பு, ஒரே உயரம், சப்பாத்து அளவும் ஒன்று. புத்தூர் வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவே போகும் செம்மண் பாதையில் விடியப்புறம் ஓடுவோம். பிறகு பருத்தித்துறை வீதிக்கு ஏறுவோம். இரண்டு பேரிடமும் இருந்தது மெல்லிய அடியுள்ள வெள்ளைக் கன்வஸ் சப்பாத்து. தாரில் ஓடினால் ஒவ்வொரு கல்லும் காலுக்குத் தெரியும். எனக்கு முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் நோ தொடங்கியதும் அந்த வீதியில்தான்.

ஒருநாள் மேலிருந்து சுடுகிற ஆமி ஹெலிகொப்டர் வந்தது. நான் பேய் மாதிரி நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நின்றேன். “எடி, படு!” என்று என்னை இழுத்து வெங்காயப் பாத்திக்குள் விழுத்தினாய். அது போகும்வரை உன் கை என் தலைக்கு மேலே இருந்தது. உன் தலைக்கு மேலே ஒன்றும் இருக்கவில்லை. அதற்குப் பிறகு நீ எதைச் சொன்னாலும் நான் நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது, சொல்.

அந்த வருடம் ஆயிரத்து ஐந்நூறு மீற்றருக்கு எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒருத்திதான் மாவட்டப் போட்டிக்குப் போகலாம் என்றார்கள். நீ அல்லது நான். கடைசிச் சுற்றில் நான்தான் உன்னை முந்துவேன். அது உனக்கும் தெரியும், விளையாட்டு ரீச்சருக்கும் தெரியும். என் அப்பா மட்டும் ஒரே பிடியாக நின்றார். “வெண்டால் ஓடு. இல்லாட்டி உந்தக் காற்சட்டையைக் கழட்டி வைச்சிட்டுத் தையல் பழகு. பிறகு அழக்கூடாது” என்றார். நான் சரி என்றேன். வெல்லுவேன் என்பதில் எனக்கு அவ்வளவு நிச்சயம்.

உன் மாமா ஜேர்மனியிலிருந்து உனக்குச் சப்பாத்து அனுப்பியிருந்தார். அப்படி ஒன்றை நாங்கள் அதுவரை கண்டதில்லை. நீல நிறம், இரண்டு விரல் தடிப்புக்கு வெள்ளை அடி. அந்த ஒருத்தியைத் தெரிகிற பள்ளிக்கூடப் போட்டிக்குச் சில நாட்கள் இருக்கும்போது அதைப் பெட்டியோடு கொண்டுவந்து என் மடியில் வைத்தாய்.

“உனக்குத்தானே காலிலை நோ. நீ போட்டு ஓடு.”

“அப்ப நீ?”

“எனக்கு என்ரை பழசு காணும். ஆனால் இப்ப போட்டுப் பழசாக்கிப் போடாதை. ஓடுற அண்டைக்குப் போடு.”

வெளிநாட்டுச் சாமானை அந்த நாளுக்கென்று பொத்தி வைப்பது எங்கள் வீடுகளில் எல்லோருக்கும் உள்ள பழக்கம். லண்டன் சீலை கலியாணத்துக்காக அலுமாரியில் கிடக்கும், வெளிநாட்டுச் சவர்க்காரம் பெட்டியோடு கிடக்கும். நானும் அந்தச் சப்பாத்தை எடுத்து எடுத்து மணந்து பார்த்தேனே தவிர காலில் போடவில்லை. என் அம்மா அதைச் சாமிப் படத்துக்குக் கிட்ட வைக்கப் பார்த்தாள். செருப்புச் சாதியெல்லாம் அங்கே வைக்கக் கூடாது என்று நான்தான் மறித்தேன்.

போட்டியன்று புறப்பட்ட நேரம் பஞ்சில் ஓடுவதுபோல் இருந்தது. நோவே இல்லை. நேர்க்கோட்டில் சந்தோஷமாக ஓடினேன். எங்கள் மைதானத்தின் வளைவுகள் இறுக்கமானவை, உனக்குத் தெரியும். முதல் வளைவிலேயே கால் உள்ளே ஒரு பக்கம் வழுக்கியது. அடுத்ததில் இன்னும் கூட. கடைசிச் சுற்றில் உன்னை முந்த வெளிப்பக்கம் எடுத்தபோது தடித்த அடி சரிந்து கணுக்கால் மடிந்தது. விழுந்த இடத்திலிருந்து உன் கன்வஸ் சப்பாத்தின் அடியைப் பார்த்தேன். நீ திரும்பிப் பார்க்கவில்லை. ஓட்டத்தில் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள், அதனால் அன்று அதை நான் பிழையாக எடுக்கவில்லை.

வீக்கம் வற்றியதும் சப்பாத்தைத் திருப்பித் தர உன் வீட்டுக்கு வந்தேன். நீ இல்லை. உன் அம்மா தேத்தண்ணி தந்துவிட்டு ஒரு சூதுமில்லாமல் சொன்னா:

“உது ஒரு துலைஞ்ச சப்பாத்து, பிள்ளை. உவளும் தோட்டத்துக்குள்ளை போட்டு ஓடிப் பாத்திட்டு, திரும்பேக்கை கால் பிரளுது, உதோடை ஓடேலாது எண்டு கழட்டினவள். பிறகு கிணத்தடியிலை இருந்து சேறெல்லாம் தேச்சுக் கழுவி, காயவைச்சுப் பெட்டிக்குள்ளை வைச்சவள். உன்னட்டைத் தந்தது எனக்குத் தெரியாது.”

தேத்தண்ணியை முழுதாகக் குடித்துவிட்டுத்தான் எழும்பினேன். குடிக்காமல் எழும்பினால் உன் அம்மா ஏன் என்று கேட்பா.

மறுநாள் பள்ளிக்கூடத்துத் தண்ணீர்க் குழாயடியில் உன்னைப் பிடித்தேன்.

“நீ முதலே போட்டுப் பாத்தனியோ?”

“ஓம்.”

“கால் பிரளுமெண்டு தெரியுமோ?”

“எனக்குப் பிரண்டது. உனக்கும் பிரளுமெண்டு ஆர் கண்டது? நோவுக்கு மெத்தெண்டு இருக்கட்டுமெண்டு தந்தனான்.”

“அப்ப ஏனடி கழுவினனி?”

நீ குழாயைப் பூட்டினாய். கையைப் பாவாடையில் துடைத்தாய். போய்விட்டாய்.

அந்தக் கிழமையே காலைக் கூட்டத்தில் ரீச்சர் உன்னை மேடைக்குக் கூப்பிட்டா. புதுச் சப்பாத்தைச் சிநேகிதிக்குக் கொடுத்துவிட்டுப் பழையதோடு ஓடி வென்ற பிள்ளை என்று புகழ்ந்தா. மற்றவர்களோடு சேர்ந்து நானும் கைதட்டினேன். தட்டாமல் விட்டால் எரிச்சல் என்பார்கள். வாயைத் திறந்தால் நன்றி கெட்டவள் என்பார்கள். நீ என்னைத் தோற்கடித்தது போதாதென்று என் வாயையும் கட்டிவிட்டாய். மாவட்டத்தில் நீ எத்தனையாவதாக வந்தாய் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. நான் தையல் பழகினேன். நன்றாகவே தைக்கிறேன், அதற்காக உனக்கு நன்றி சொல்ல மாட்டேன்.

ஒரு ஊரில் இருந்துகொண்டு முகத்தை முறிக்க முடியாது. கலியாணங்களில் சிரித்தோம், பிள்ளைகளுக்கு உடுப்பு மாற்றிக் கொடுத்தோம். தொண்ணூற்றைந்தில் ஆமி வருகிறதென்று எல்லோரும் வீடுகளைப் பூட்டிவிட்டுத் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, சன நெரிசலுக்குள் அதே கணுக்கால் வீங்கி நான் நின்றுவிட்டேன். எங்கிருந்தோ வந்து என் பையை வாங்கித் தோளில் போட்டாய். என் காலைப் பார்த்தாய். இப்போது சொல்லப் போகிறாய் என்று மழைக்குள் உன் வாயையே பார்த்துக்கொண்டு நடந்தேன். “மெல்ல நட” என்றாய். அவ்வளவுதான். பாலம் தாண்டும்வரை பை உன் தோளில்தான் இருந்தது. உன்னை முழுதாக வெறுக்கவும் நீ எனக்கு வழி வைக்கவில்லை, அதுதான் பெரிய கோபம்.

உன் முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு வந்தேன். பந்தியில் உன் மகள் எனக்குப் பக்கத்தில் வந்து குந்தினாள். உன்னைப் போலவே கண். சுற்றிவர உன் இனசனம் எல்லோரும் இருக்கக் கேட்டாள்:

“அன்ரி, அம்மா தன்ரை புதுச் சப்பாத்தையே உங்களுக்குத் தந்தவவாம், என்ன? ஆஸ்பத்திரியிலை கிடக்கேக்கையும் உதைத்தான் சொல்லிச் சொல்லி அழுதவ.”

அழுதாயாம். எதற்கு அழுதாய்? அவளுக்கு அது தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும், அல்லது தெரியும் என்று நினைக்கிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் வீட்டுக்கு எவ்வளவு தூரம்? ஆளனுப்பியிருந்தால் வந்திருப்பேனே. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று வாய்க்கு வந்தபடி உன்னைப் பேசியிருப்பேன். பிறகு நானும் அழுதிருப்பேன்.

“ஓம் பிள்ளை, தந்தவ” என்றேன். உன் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் சோற்றைப் பிசைந்தேன். உன்னை நான் மன்னிக்கவில்லை. இத்தனை வருடமும் உன்னோடு பிடிக்க வைத்திருந்த சண்டை அப்படியே என்னிடம் கிடக்கிறது. அதை வேறு யாரோடும் பிடிக்க முடியாது.